டெல்லி தேடுன ஆளு

ஜன்னல் ஓரம் நீங்களே உக்காந்துக்கிடுதேன்னு சொல்லுதீங்களா அண்ணாச்சி? தாராளமா உக்காருங்க. எனக்கு எந்தப் பக்கமும் ஒண்ணுதான். ஒரு காலத்துல நான் பஸ்ஸுல ஜன்னல் ஓரம் உக்காரவே மாட்டேன். வெளிய நிக்கவனுக்கு நம்ம மூஞ்சி தெளிவாத் தெரிஞ்சிரும்லா. இப்ப அந்தக் கவலை இல்ல. எங்க உக்காந்தாலும் ஒருத்தனும் என்னையப் பாக்கது கெடையாது. அதுக்குப் பேருதான் குணமாகிப் போச்சுங்கிறது.

அந்தப் பெட்டிய மடியிலயே வச்சிருக்கீங்களே, மேல வைக்கலாம்லா? சரி சரி, வேண்டாம். அவுக அவுக சாமான் அவுக அவுக மடியில இருந்தாத்தான் நிம்மதி. நானும் இந்தப் பையக் கீழ வைக்க மாட்டேன். பாப்பாவுக்குப் பட்டுப் பாவாடை, வளையல், மாலை, தேங்கா பழம் எல்லாம் இதுக்குள்ளதான் இருக்கு. எந்தங்கச்சி ஆவுடை மகளுக்கு இன்னைக்குக் காதுகுத்து. ஊத்தடி அய்யனார் கோயில்ல வச்சு. தாய்மாமன் மடியில பிள்ளைய உக்கார வச்சுத்தான காது குத்தணும்? அந்தத் தாய்மாமன் நாந்தான். பேரு கோமதிநாயகம். கரிச்சான்பட்டி பேரூராட்சியில சோலி பாக்கேன். எங்க ஊர்ல யாருகிட்ட கேட்டாலும் சொல்லுவாக. முன்ன கேட்டிருந்தா இன்னும் நல்லாச் சொல்லியிருப்பாக.

நான் பெருமைக்குச் சொல்லல. பெருமை பேசுதவனக் கண்டாலே எனக்கு ஆகாது. ஆனா உள்ளதச் சொல்லணும்லா. ஊருக்கே தண்ணி திறந்து விட்டவன் நான். தெருவுல அங்கங்க இரும்பு மூடி போட்டுக் குழி இருக்கும் பாருங்க, அதுக்குள்ள வால்வு இருக்கும். அதத் திருப்ப ஆளுயரத்துக்கு ஒரு சாவி. அந்தச் சாவியத் தோள்ல போட்டுக்கிட்டு நான் சைக்கிள்ல வந்தேன்னா தெருவே எந்திரிச்சு நிக்கும். பொம்பளையாளுக எல்லாம் குடத்தத் தூக்கிட்டு வந்து, "அண்ணே, இன்னும் கொஞ்ச நேரம் விடுங்கண்ணே"ம்பாக. ஊர்ல எந்த வீட்டுல கல்யாணம்னாலும் மொதப் பத்திரிகை எனக்குத்தான். அப்புறந்தான் பிள்ளையாருக்கு. கல்யாண வீட்டுக்குத் தண்ணி யாரு விடணும்? பிள்ளையாரா விடுவாரு?

வடக்குத் தெருவுல பாக்கியத்தக்கான்னு ஒரு அம்மா. நான் வால்வத் திறக்கக் குனிஞ்சாப் போதும், காப்பி வந்திரும். சீனி தூக்கலாப் போட்டு. நானாக் கேட்டதில்ல. வேண்டாம்னும் சொன்னதில்ல. எந்தத் தெருவுக்கு அடியில எந்தக் குழாய் எங்க திரும்புதுங்கிறது என் மண்டைக்குள்ள மட்டுந்தான் இருந்துச்சு. இத ஞாபகம் வச்சுக்கிடுங்க, பொறவு வரும்.

அதுக்கப்புறம் ஒரு கூறுகெட்ட இஞ்சினியரு வந்தான். தானாத் திறந்து தானா மூடிக்கிடுத மிஷின ஊர் பூராவும் மாட்டிட்டான். என் சாவிய வாங்கி குடோன்ல போட்டுட்டு, ஆபீஸுல பிறப்பு இறப்பு பதியுத இடத்துக்குப் பின்னால ஒரு நாற்காலி போட்டு என்னைய உக்கார வச்சிட்டாக. "நாயகம், எம்புட்டு நாளைக்கு வெயில்ல அலைவ, ரெஸ்ட் எடு"ன்னு ஆபீஸர் சொன்னாரு. நல்ல மனுசன். எனக்கு என்ன வேலைன்னு மட்டும் கடைசி வரைக்கும் சொல்லல. பிறக்கவனும் என்கிட்ட வர மாட்டான், சாகுதவனும் என்கிட்ட வர மாட்டான். ரெண்டுக்கும் பின்னால உக்காந்திருந்தேன்.

ஒரு நாள் வடக்குத் தெரு வழியா நடந்து போறேன். பாக்கியத்தக்கா வாசல்ல கோலம் போட்டுட்டு இருக்கு. நிமிர்ந்து என்னையப் பாத்துச்சு. பாத்துட்டுத் திரும்பவும் குனிஞ்சு புள்ளி வைக்க ஆரம்பிச்சிருச்சு. காப்பிக்கா அண்ணாச்சி நான் அலையுதேன்? எங்க வீட்டுல இல்லாத காப்பியா? "என்னண்ணே"ன்னு ஒரு வார்த்தை. ஒரு வார்த்தை கேட்டா வாய் வலிச்சிருமா? சவத்த விடுங்க. எனக்கு அதெல்லாம் மனசுல ஒட்டவே இல்ல.

அந்த வாரந்தான் என்னைய ஆளு வச்சுக் கண்காணிக்காகன்னு கண்டுபிடிச்சேன்.

ரெண்டுக்கும் ஒரு சம்பந்தமும் கெடையாது. திருநெல்வேலியில எனக்கு வைத்தியம் பாக்க டாக்டரம்மாவும் இதையேதான் திருப்பித் திருப்பிக் கேட்டாக. "இது எப்ப ஆரம்பிச்சது நாயகம்? அதுக்கு முன்னால என்ன நடந்துச்சு?" ஒண்ணும் நடக்கல மேடம், நல்லாத்தான் ரெஸ்ட் எடுத்துட்டு இருந்தேன்னு சொன்னேன். அவுக பேனாவ வாயில வச்சுக்கிட்டு என்னையே பாத்தாக.

அந்தா, முன்னால நீலச் சட்டை போட்டு ஒருத்தன் உக்காந்திருக்கான் பாருங்க, கண்டக்டர் சீட்டுக்குப் பின்னால. ரெண்டு மட்டம் திரும்பிப் பாத்துட்டான். உங்களையா, என்னையா? ஒண்ணுமில்ல, சும்மா கேட்டேன்.

எங்க விட்டேன்? ஆளு வச்சது. மொதல்ல வாழைப்பழ வண்டிக்காரந்தான்னு நினைச்சேன். நான் ஆபீஸ் போகையிலயும் அங்க நிக்கான், வரையிலயும் அங்க நிக்கான். பழம் விக்கவன் அங்கதான நிப்பான்னு என் வீட்டுக்காரி சொர்ணம் சொன்னா. அவளுக்கு வெவரம் போதாது. பொறவு போன் கம்பத்துல ஏறுனவன். பொறவு ஸ்டவ் ரிப்பேர்னு கத்திக்கிட்டுப் போனவன். இம்புட்டு ஆளு போட யாருகிட்ட வசதி இருக்கு? எங்க பேரூராட்சியில தெருவிளக்கு மாத்தவே ஆளு கெடையாது. கலெக்டர் ஆபீஸா? அவுக மனு வாங்கவே நேரம் பத்தல. அப்பப் பாக்கி யாரு? டெல்லி. கணக்குச் சரியா வருதுல்லா? இந்த ஊர்த் தண்ணி பூராவும் என் மண்டைக்குள்ள இருக்கு. ஊரத் தவிக்க விடணும்னு நினைக்கவன் மொதல்ல யாரத் தேடுவான்?

பயந்தேன் அண்ணாச்சி. அதையும் சொல்லணும். சோறு இறங்காது. ரேடியோல யாரு பேசுனாலும் எனக்குச் சொல்லுத மாதிரியே இருக்கும். கக்கூஸுக்குள்ள போயி உக்காந்து அழுதிருக்கேன். என் எதிரிக்கும் அந்தப் பயம் வரக் கூடாது. ஆனா ஒண்ணு. அந்த நாள்லதான் நான் தினமும் சேவ் பண்ணுனேன். சட்டைய இஸ்திரி போடாம வெளிய போக மாட்டேன். டெல்லியே ஒருத்தனப் பாத்துக்கிட்டு இருக்கும்போது கசங்குன சட்டையோடயா போக முடியும்? சொர்ணம் முதல்ல சந்தோசப்பட்டா. மனுசனுக்கு இப்பத்தான் கூறு வந்திருக்குன்னு அக்கம்பக்கத்துல சொல்லிக்கிட்டாளாம்.

பொறவு பாப்பாவோட மொதப் பிறந்தநாளு வந்துச்சு. ஆவுடைக்குக் கல்யாணமாகி ரொம்ப வருஷம் கழிச்சுப் பிறந்த பிள்ளை. மதிவதனின்னு பேரு. வீடு பூரா ஆளு. போட்டோ எடுக்க ஒருத்தன் வந்திருந்தான். அவன் வேற யாரையும் எடுக்கல. பாப்பாவையே சுத்திச் சுத்தி எடுக்கான். எனக்குப் புரிஞ்சு போச்சு. என்கிட்ட வாங்க முடியாதத இந்தப் பச்சை மண்ண வச்சு வாங்கப் பாக்கான். பிள்ளையத் தூக்கிட்டு உள்ரூமுக்குள்ள போயித் தாப்பாள் போட்டுட்டேன்.

வெளிய மச்சான் வெள்ளைத்துரை கதவ இடி இடின்னு இடிக்கான். அவன் அம்மா கத்துது. "கோட்டி பிடிச்ச பய பிள்ளையக் கொன்னுருவான்"ன்னு யாரோ சொன்னது என் காதுல விழுந்துச்சு. நான் பிள்ளையக் காப்பாத்திக்கிட்டு இருக்கேன், இவுக என்ன பேச்சுப் பேசுதாக பாருங்க. பாப்பா அழவே இல்ல அண்ணாச்சி. என் மடியிலயே தூங்கிருச்சு. இதை அந்தக் குடும்பத்துல ஒருத்தராவது சொல்லுவாகளா? கதவ இடிச்ச கதைய மட்டும் விடிய விடியச் சொல்லுவாக.

கடைசியில ஆவுடைதான் வந்து கதவோரமா உக்காந்தா. திறங்கன்னு சொல்லல. "அண்ணே, நான் ஒருத்தி மட்டும் உள்ள வரட்டா? நானும் உங்க கூடயே இருந்துக்கிடுதேன்"ன்னா. அதுல ஒரு நியாயம் இருந்துச்சு. அவளையும் காப்பாத்த வேண்டாமா? திறந்து உள்ள விட்டேன். வந்து எம்பக்கத்துல தரையில உக்காந்து, தோள்ல சாஞ்சுக்கிட்டு இருந்தா. ரொம்ப நேரம். பொறவு மூணு பேருமா வெளிய வந்தோம். அங்க இருந்து நேரா ஆஸ்பத்திரி.

ஆஸ்பத்திரிங்கிறது ஒரு உலகம் அண்ணாச்சி. வெளிய பெஞ்சுல உக்காந்திருப்போம்லா, அங்கதான் ஆளுகளோட தராதரம் தெரியும். எம்பக்கத்துல ஒரு அரிசிக்கடைக்காரர் உக்காந்திருப்பாரு. அவருக்கு யாரு எதிரின்னு நினைக்கீங்க? சொந்த மச்சினன். சாப்பாட்டுல மருந்து வைக்கானாம். மச்சினன் அண்ணாச்சி. எனக்குச் சிரிப்பு வந்திருச்சு. வார்டு லெவல்ல கூட இல்ல, வீட்டு லெவல்லயே முடிஞ்சு போச்சு. உங்களுக்கு யாருன்னு அவர் கேட்டாரு. டெல்லின்னேன். அதுக்கப்புறம் நான் வந்தா தள்ளி உக்காந்து இடம் குடுப்பாரு.

இன்னொரு அம்மா வரும். இந்திரான்னு, ரிட்டையரான டீச்சர். அவுகளையும் ஒரு கூட்டம் துரத்துதாம். எதுக்கும்மா துரத்துதாகன்னு கேட்டேன். "நான் கெட்டவ தம்பி. எனக்கு இது வேணும். அவுக செய்யுதது சரிதான்"னாக. என்ன செஞ்சீகன்னு கேட்டா ஒண்ணும் இல்ல. யாரோ ஒரு பிள்ளையப் பரீட்சைக்கு முந்தின நாள் திட்டிட்டாகளாம். எனக்குக் கோவம் வந்திருச்சு. துரத்துதவனுக்கே வக்காலத்து வாங்குனா எப்படி? உங்கள மாதிரி ஒரு ஆளுக்குப் பின்னால சுத்த அவனுக்குத்தான் குடுத்து வச்சிருக்கணும்னு சொன்னேன். அவுக என்னையவே பாத்தாக. பொறவு அழுதுட்டாக. ஏன்னு தெரியல. அதுக்கு அடுத்த மட்டம் வரும்போது எனக்கு ஒரு முறுக்குப் பொட்டலம் கொண்டு வந்தாக.

நீலச் சட்டை மறுபடியும் திரும்புதான். நான் ஒண்ணும் நினைக்கல. ஆனா கண்டக்டர்கிட்ட என்னமோ கேட்டான், அவரு இந்தப் பக்கமாக் கையக் காட்டுனாரு. நீங்க பாக்கலையா? சரி விடுங்க.

டாக்டரம்மா சின்ன வயசுதான். எம்மக வயசுன்னு சொல்லலாம், எனக்கு மக இருந்திருந்தா. ஒரு நாள், "நாயகம், உங்களுக்கு நீங்களே பத்துக்கு எத்தன மார்க்குப் போடுவீங்க?"ன்னு கேட்டாக. நான் ஒம்பதுன்னேன். பத்துப் போட்டா பெருமையாப் போயிரும்லா. எழுதிக்கிட்டாக. மாத்திரை குடுத்தாக. மாத்திரை போடப் போட ஒவ்வொருத்தனாக் காணாமப் போனான். கம்பத்துல ஏறுனவன் போனான். ஸ்டவ்வுக்காரன் போனான். பழ வண்டிக்காரன் மட்டும் அங்கயே நின்னான், ஆனா பழம் மட்டுந்தான் வித்தான். கடைசியா டெல்லியும் போயிருச்சு. சொல்லிக்காமயே போயிருச்சு அண்ணாச்சி. அதுக்கு அப்புறம் ஒரு நாள் அதே கேள்வி. எத்தன மார்க்கு? யோசிச்சுப் பாத்தேன். ரெண்டுன்னேன். "நல்ல முன்னேற்றம்"னாக. மார்க்குக் குறைஞ்சா பாஸ் போடுத பரீட்சைய நான் அங்கதான் பாத்தேன்.

கிண்டலுக்குச் சொல்லல, அந்தம்மா நல்லவுக. அவுகளே சொன்னாக. "ரெண்டு போதாது நாயகம். ஒம்பதுல ஏழ டெல்லிதான் குடுத்திருக்கு. இப்ப டெல்லி இல்லாம நாம இத ஏத்தணும்"னாக. எப்படி ஏத்தன்னு கேட்டேன். அதுக்கு ஒரு கேள்வி கேட்டாக. "ஒரு நாள் நீங்க வீட்டுக்கு வரலன்னு வைங்க. உங்கள யாரு தேடுவாக?"

முன்ன கேட்டிருந்தா பட்டுன்னு டெல்லின்னு சொல்லியிருப்பேன். அன்னைக்குத்தான் டெல்லி இல்லையே. சொர்ணத்தச் சொல்லலாம்னு பாத்தேன். அவ தேடுவா, ஆனா மாத்திரை போட்டேனான்னு கேக்கத்தான் தேடுவா. நாக்குக்கு அடியில ஒளிச்சு வச்சிருக்கேனான்னு வாயத் திறக்கச் சொல்லிப் பாப்பா அண்ணாச்சி, மாட்டுத் தரகன் பல்லப் பாக்க மாதிரி. ஆபீஸுல நான் எந்திரிச்சா எல்லாரும் ஒரு மட்டம் பாத்துட்டுக் குனிஞ்சுக்கிடுதாக. தெருவுல பொம்பளையாளுக பிள்ளைகள இடுப்புல தூக்கிக்கிடுதாக. ஒருத்தரும் என்னையப் பாக்காத நாள்ல, எல்லாரும் பாக்காகன்னேன். கோட்டின்னாக. இப்ப ஊரே பாக்குது. யாரும் பாக்கலன்னு நான் சொல்லணும். சொன்னா குணமாயிருச்சும்பாக. இதுல எது நோயி, எது மருந்துன்னு எனக்குப் பிடிபடல.

சரி, மடி விசயத்துக்கு வாரேன். காதுகுத்து வைக்கணும்னு பேச்சு எடுத்ததும் மச்சான் வெள்ளைத்துரை சொல்லிட்டான். "உங்கண்ணன் மடியில என் பிள்ளைய உக்கார வைக்க மாட்டேன். அன்னைக்குப் பட்டது போதும். உங்க பெரியப்பா மகன் சுடலைமணியும் மாமன் முறைதான். அவன் உக்காரட்டும்"னுட்டான். சுடலைமணியத் தெரியுமா உங்களுக்கு? செல்போன் கடை வச்சிருக்கான். பிள்ளைய மடியில வச்சுக்கிட்டே வீடியோ எடுத்துப் போடுதவன். அவன் மடியில எம் மருமவ உக்காரணுமாம்.

ஆவுடை என்ன சொன்னா தெரியுமா? "எங்கண்ணன் மடின்னா காது குத்து. இல்லன்னா எம்மக மூளிக் காதோடயே வளரட்டும்"னுட்டா. சொர்ணம் வந்து சொன்னா. கொல்லைப்பக்கம் போயி மூஞ்சியக் கழுவிட்டு வந்தேன். அன்னைக்கு ஒரு மார்க்கு ஏறுச்சு, டாக்டரம்மாகிட்ட சொல்லல.

மச்சான் விடல. "அவரு கையப் பாத்தியா? டம்ளரு பிடிச்சா காப்பி சிந்துது. ஆசாரி ஊசிய எடுக்கும்போது பிள்ளை அசைஞ்சா என்னாகும்?"னு கேட்டிருக்கான். அது நியாயமான கேள்வி. அந்த மாத்திரை போட்டா கை நடுங்கும் அண்ணாச்சி. கை நடுங்குனா வந்து சொல்லுங்க, மாத்திக் குடுக்கேன்னு டாக்டரம்மா சொல்லித்தான் இருந்தாக. நான் சொல்லல. வால்வுச் சாவியத் திருப்புன கை. நடுங்குதுன்னு எம்மக வயசு டாக்டரம்மாகிட்ட எப்படிச் சொல்ல?

அதான் ஒரு வேலை செஞ்சேன். சொர்ணம் ஒத்தாசைக்குன்னு ஆவுடை வீட்டுக்கு முன்னாலயே போயிட்டா. வாயத் திறந்து பாக்க ஆளு இல்ல. அவ போனதுல இருந்து நான் மாத்திரை போடல. இந்தா பாருங்க கைய. நீட்டுதேன் பாருங்க. அசையுதா? பஸ்ஸு ஆடுதத விட்டுருங்க. கை ஆடுதா? கல்லு மாதிரி நிக்கி. இந்தக் கையோட போயி வெள்ளைத்துரை முன்னால பிள்ளைய வாங்குவேன். டாக்டரம்மா திட்டுவாக. திட்டட்டும்.

அண்ணாச்சி, நீலச் சட்டையப் பத்தி ஒண்ணு சொல்லுதேன், சத்தம் போடாமக் கேளுங்க. அவன் சாதாரண ஆளு கெடையாது. செருப்பப் பாருங்க. இந்தக் கிராமத்துப் பஸ்ஸுல வாரவன் போடுத செருப்பா அது? வாட்சை வேற பாக்கான். எத்தன வருஷம் ஆச்சு, இன்னும் விடலை பாத்தீங்களா. எனக்குப் பயமா இருக்கு. நெசமாவே பயமா இருக்கு, இந்தப் பைய எப்படி இறுக்கிப் பிடிச்சிருக்கேன் பாருங்க. ஆனா ஒண்ணு சொல்லட்டா, நெஞ்சு கொஞ்சம் நிமிருது. இதை வெளிய சொல்லக் கூடாது. நான் இல்லாம அவுகளால முடியலல்லா. இன்னைக்குக் கோயில்ல என்னமோ செய்யப் போறாக. பிள்ளைய வாங்குனதும் நான் ஒரு இடத்துல நிக்கக் கூடாது. தூக்கிட்டு நேரா...

எந்திரிக்கான். எந்திரிக்கான் பாருங்க.

இறங்கிட்டானே.

உரக்கடையப் பாத்துல்லா போறான். ஒரு மட்டம் கூடத் திரும்பிப் பாக்கல. ஸ்டாப்பு வந்திருச்சான்னுதான் திரும்பித் திரும்பிப் பாத்திருக்கான் போல. அப்பச் சரி. நல்லதுதான். நல்லதுன்னுதான் நினைக்கணும். கொஞ்சம் வருத்தமா இருக்கு, அம்புட்டுத்தான்.

உங்க போனு அடிக்கி அண்ணாச்சி. எடுங்க. ஏன் வெட்டுதீங்க? மறுபடியும் அடிக்கி. எனக்காகப் பாக்காதீங்க, எடுத்துப் பேசுங்க.

அது யாரு குரலு?

வச்சிட்டாளா? போனக் காதோட சேத்துப் பிடிச்சீங்க, ஆனாலும் எந்தங்கச்சி குரலு எனக்குத் தெரியாதா? சின்னதுல இருந்தே தெரு முனைக்குக் கேக்கும். "எங்கண்ணன் பக்கத்துலதான இருக்காக? ஜன்னலோரம் உக்கார வச்சிராதீங்க, அவுகளுக்கு அது ஆகாது"ன்னா. நீங்களும், "ஜன்னல்ல நாந்தாம்மா இருக்கேன், நல்லாப் பேசிட்டு வாராரு"ன்னீங்க.

அப்ப அந்தப் பெட்டிக்குள்ள என்ன இருக்கு? காட்ட வேண்டாம். ஊசி இருக்கும், தங்கக் கம்பி இருக்கும். பாப்பா காது குத்தப் போற ஆசாரி நீங்கதான். பஸ்ஸுல அம்புட்டு சீட்டுக் காலியாக் கெடந்துச்சு, நீங்க நேரா வந்து எம்பக்கத்துல உக்காந்தீங்க. ஏறுனதுல இருந்து இறங்குத வரைக்கும் என்னைய விட்டுப் பிரியக் கூடாதுன்னு உங்களுக்கு உத்தரவு. ஆளு வச்சிருக்கா. எனக்கு, ஆளு வச்சிருக்கா.

நீங்க பதற வேண்டாம், உக்காருங்க. எனக்கு ஒண்ணுமில்ல. என் லட்சணத்தப் பாத்தீங்களா? நீலச் சட்டை நீலச் சட்டைன்னு அவனையே பாத்துக்கிட்டு வந்தேன். நெசமாவே பின்னால வந்த ஆளுகிட்ட உக்காந்து முழுக் கதையும் சொல்லிருக்கேன். டெல்லிக்காரன் எம்புட்டுச் சிரிப்பான்.

ஆவுடை ஏன் ஆளு வச்சான்னு கேக்கேன். நான் மாத்திரை போடலன்னு அவளுக்கு எப்படித் தெரியும்? தெரிஞ்சிருக்காது. நான் வராம இருந்திருவேனோன்னு பயந்திருக்கா. அங்க அம்புட்டு ஆளு முன்னால, சுடலைமணி தயாரா நிக்கையில, மச்சான் மூஞ்சியப் பாத்துட்டுப் பாதி வழியில இறங்கித் திரும்பிப் போயிருவேனோன்னு. அதுவும் தப்பில்ல. ரெண்டு ஸ்டாப்புக்கு முன்னால அந்த யோசனை வரத்தான் செஞ்சுது.

தண்ணி வச்சிருக்கீங்களா அண்ணாச்சி? மூடியத் திறந்து குடுங்க. இந்தா, சட்டைப் பையில இருக்கு மாத்திரை, சொர்ணம் மடிச்சு வச்சிட்டுத்தான் போயிருக்கா. பிள்ளையத் தூக்கிட்டு எங்க ஓடணும்னு இப்பத்தான் உங்ககிட்ட சொல்ல வந்தேன், ஞாபகம் இருக்கா? எனக்கு இருக்கு. கல்லு மாதிரிக் கைய வச்சுக்கிட்டு அந்த வேலையத்தான் செஞ்சிருப்பேன். திரும்பவும் ஆவுடை வந்து கதவோரமா உக்காரணும். வேண்டாம். ஒரு மட்டம் உக்காந்தது போதும்.

போட்டுட்டேன். வாயத் திறந்து காட்டட்டா? சும்மா சொன்னேன்.

ஒண்ணே ஒண்ணு அண்ணாச்சி. இது உள்ள போயிருச்சு, நாளைக்கும் போடணும், எங் கை ஆடத்தான் செய்யும். பிள்ளைய ரெண்டு கையாலயும் நெஞ்சோட அணைச்சுக்கிடுதேன். சொர்ணம் பின்னால இருந்து தலையப் பிடிச்சுக்கிடட்டும். வெள்ளைத்துரையும் வேணும்னா காலப் பிடிச்சுக்கிடட்டும், அவன் பிள்ளைதான. எங் கை ஆடலாம். உங்க கை ஆடக் கூடாது. ஆடாதுல்லா? அப்பச் சரி.

அடுத்த வாரம் டாக்டரம்மா மார்க்குக் கேப்பாக. அஞ்சு போடலாம்னு இருக்கேன். ஆறுன்னு சொன்னா டெல்லி வந்திருச்சோன்னு பயந்து மாத்திரையக் கூட்டிருவாக. கை நடுங்குதுங்கிறதையும் சொல்லிரணும்.

எந்திரிங்க, நம்ம ஸ்டாப்பு வந்திருச்சு. பெட்டி பத்திரம். கோயில் விலக்குல அந்தா ஒரு வேப்பமரம் தெரியுதா? அதுக்குக் கீழ நிக்கது ஆவுடைதான். பாப்பாவ இடுப்புல வச்சுக்கிட்டு, பஸ்ஸு நிக்கதுக்கு முன்னாலயே ஒவ்வொரு ஜன்னலா எட்டி எட்டிப் பாக்கா. ஜன்னல்ல நான் இருக்க மாட்டேன்னு தெரிஞ்சும் பாக்கா. ஒருத்தி என்னையவே தேடிப் பாத்துக்கிட்டு நிக்கான்னு, இதை அந்த டாக்டரம்மாகிட்ட நான் எப்படி அண்ணாச்சி சொல்ல?